கிழக்குச் சன்னல் கப்பல்கள்

வெந்நீரும் சோடா உப்பும் பட்டவுடன் அந்தக் கண்ணாடிகளிலிருந்து ஒரு வாடை எழும்பியது. தச்சர்கள் வச்சிரப் பசை காய்ச்சும்போது வருமே, அதைப் போல மாட்டுத் தோலும் எலும்பும் வெந்த வாடை. கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த கறுப்புப் படலம் முதலில் ஓரங்களில் சுருங்கி, பிறகு கொப்புளம் விட்டு, கடைசியில் முழுசாக வழுக்கிக்கொண்டு அம்மாவின் கைக்குள் வந்தது. அம்மா அதை உதறிவிட்டு, "பாம்புச் சட்டை மாதிரில்லா இருக்கு, தூ!" என்று கையை முந்தானையில் துடைத்தாள். கழுநீர்க் கால்வாயில் அந்தத் தோல் சுருண்டு போகும்போது, அதன் நடுவில் ஒரு பாய்மரம் சாய்ந்து, மடங்கி, அழுக்குத் தண்ணீருக்குள் முங்கியதை நான் குனிந்து பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, திருமுக்குளத்தைத் தவிர வேறு பெருந்தண்ணீர் காணாத நான் பார்த்த முதல் கப்பல் அதுதான்.

அய்யா ராஜபாளையத்து மில்லுக்குப் பஞ்சு வண்டி ஓட்டினார். ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்த கோடையில், மில்லில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் துரை சீமைக்குத் திரும்பினார். சண்டைக் காலத்துக் கப்பலில் ஓர் ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று சொல்லிவிட்டார்களாம். அவருடைய சாமான்களை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போன அய்யாவிடம், கூலிக்கு மேலாக ஒரு மரப்பெட்டியையும் தள்ளிவிட்டுப் போனார். பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி அடுக்கிய கண்ணாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் என் சிலேட்டைப் போல இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் ஒரு விளக்குச் சிம்னி உடைந்தாலே மறு சிம்னிக்கு அலைய வேண்டும். அய்யா பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். எங்கள் தெருவில் கண்ணாடி வைத்த சன்னல் யார் வீட்டிலும் கிடையாது. எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். எங்கள் தெருவில் முதல் கண்ணாடிச் சன்னல் எங்களுடையது. இரண்டையும் சேர்த்தே அய்யா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

பாதிக் கண்ணாடியைக் கழுவி முடிப்பதற்குள் சோடா உப்பு தீர்ந்துவிட்டது. தச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். "கெழக்குப் பாத்த சன்னல், காலை வெயிலு மூஞ்சியில அடிக்கும். கறுப்பு அப்படியே இருக்கட்டும், கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று அவரே முடிவு செய்து, கழுவாத கண்ணாடிகளை மேல் வரிசையில், படலம் ஒட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி பொருத்திவிட்டுப் போனார். எதிர்க்காற்றும் மழையும் அந்தப் பக்கத்தில்தான் அடிக்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் எங்கள் மேற்குச் சுவரில் கப்பல்கள் வந்து நின்றன. கப்பல் என்றால் நீராவிக் கப்பல் இல்லை. ஒல்லியான நீண்ட உடம்பு, அதன் மேல் வீட்டைப் போலப் பத்து மடங்கு உயரத்துக்குப் பாய். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, இதோ கவிழப் போகிறோம் என்பது போல இருந்தன. அதோடு எல்லாமே தலைகீழ் நிறம். பாய் கரிக்கறுப்பு, கப்பலின் உடம்பு வெள்ளை, கடல் வெயிலாக எரிந்தது. சுவரில் விழுந்த நிழலில் ஓரங்கள் கலங்கித் தெரியும். சன்னலுக்கு அருகே போய்க் கண்ணாடியையே பார்த்தால் ஆட்களும் தெரிவார்கள், சாய்ந்த விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு வரிசையாக உட்கார்ந்து. அவர்கள் முகமெல்லாம் கறுப்பு, தலைமயிர் வெள்ளை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு ராசம்மா, "தேவுடா! கப்பல்ல ஏறுனா தொரைமாரும் நம்ம நெறத்துக்கு வந்துருவாக போல" என்று சொல்லிச் சிரித்தாள். தெருவே சிரித்தது. சன்னலுக்கு வெளியே நின்ற முருங்கை மரம் காற்றில் ஆடும்போது, அதன் இலை நிழல் கப்பல்களுக்கு அடியில் அலை அலையாக ஓடும். அப்போது சிரிப்பு தானாக நின்றுவிடும். சத்தமில்லாத கடலைப் பார்த்துக்கொண்டு யாராலும் நெடுநேரம் சிரிக்க முடியவில்லை.

சிரிக்காதவள் குருவத்தை மட்டும்தான். அய்யாவின் தங்கை குருவம்மாள். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் மாமா ரங்கூனுக்கு வேலைக்குப் போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சண்டை வந்த பிறகு மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பிய செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் மட்டும் வீடு தேடி வந்து, "தொறைமொகத்துல கூட்டத்தோட கூட்டமா நின்னாரு. வெள்ளைத் தலப்பா கட்டியிருந்தாரு. கப்பல் ஏறுனாரா, என்ன ஆச்சுன்னு நான் பாக்கல தாயி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனார். அத்தை பூவும் பொட்டும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைப் பற்றி ஊர் பேசியது.

சன்னல் துடைப்பது அத்தையின் வேலை. ஒரு நாள் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே போட்டாள். நடுக் கண்ணாடியில் இருந்த பெரிய கப்பலின் பின்பக்கம், மற்றவர்களிடமிருந்து விலகி ஒரு மனிதர் சுக்கானைப் பிடித்து நின்றார். எல்லோரும் கடலைப் பார்க்க, அவர் மட்டும் நேராக எங்களைப் பார்த்தார். கறுத்த முகம், தலையில் வெள்ளையாக ஏதோ ஒன்று. "ஏட்டி, இங்க வா. யாருன்னு பாரு" என்றாள் அத்தை. எனக்கு யாரென்று தெரியவில்லை. மாமாவின் முகம் எனக்கு நினைவில்லை. "தலப்பாவப் பாருட்டி" என்றாள். அந்தக் குரலில் அழுகை இல்லை. சந்தையில் தெரிந்தவரைக் கண்டவளின் குரல் அது.

ஐப்பசியில் அத்தைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அந்த அறையிலேயே வடக்கு மூலையில், மேற்குச் சுவரை ஒட்டி நார்க்கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரி மருந்தில் காய்ச்சல் விட்டது, ஆனால் அத்தை எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை நனைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகலெல்லாம் சுவரையே பார்த்திருப்பாள். நாங்கள் பார்க்காததை அவள் பார்த்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆவணியில் சுவரின் தெற்கு ஓரத்தில் விழுந்த கப்பல்கள் இப்போது நடுச்சுவருக்கு வந்திருந்தன. காலையில் உயரத்தில் தோன்றி, வெயில் ஏற ஏறச் சரிந்து இறங்கும்போது, பெரிய கப்பலின் மூக்கு நேராக வடக்கு மூலையை நோக்கி, கட்டிலை நோக்கி வந்தது.

"வாராருட்டி" என்றாள் அத்தை. "தெனமும் கொஞ்சம் கொஞ்சமா வாராரு. வந்து சேந்ததும் நான் ஏறிக்கிடுவேன். அதுக்குள்ள எதுக்குக் கஞ்சி? கனமா இருந்தா ஏத்துவாகளா?"

அடைமழை பிடித்து, சூரியனே தெரியாமல் பல நாள் கழிந்தது. அத்தனை நாளும் சுவர் வெறுமையாக இருந்ததால், அம்மா கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தாள். பிறகு ஒரு காலை மழை விட்டு, கழுவிவிட்டது போல வெயில் அடித்தது. அம்மா செம்போடு அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கப்பல்கள் ஒரு முழத்துக்கு மேல் நகர்ந்திருந்தன. நாங்கள் பார்க்காதபோதும், மேகத்துக்குப் பின்னால், இருட்டில் அவை வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. காய்ச்சல் கண்ட பிறகு முதல் முறையாக அத்தை எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அய்யா அன்றே சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டார். அத்தை உதட்டை நனைப்பதையும் நிறுத்திவிட்டாள். கட்டிலை வேறு அறைக்கு மாற்றினார். நாங்கள் திரும்புவதற்குள் அத்தை தரையில் தவழ்ந்து வந்து, கட்டில் கிடந்த இடத்தில் வெறுந்தரையில் படுத்திருந்தாள். கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று ராசம்மா சொன்னபோது அம்மா அவள் வாயைப் பொத்தினாள். "நெசமாவே குருவம்மா வீட்டுக்காரருதான் வந்து நிக்காருன்னா? கதவ மூஞ்சியில அடைச்ச பாவம் நமக்கு வேண்டாம்." சாக்கை எடுத்துவிட்டார்கள். கட்டில் பழைய இடத்துக்கே போனது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் கப்பலை நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

நான் நம்பவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. பூகோள டீச்சர் மேசை விளக்கைச் சுற்றி ஒரு பந்தைச் சாய்த்துக் காட்டி, சூரியன் உதிக்கும் இடம் தெற்கே தெற்கே போய் ஒரு நாளில் நின்று திரும்பும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். சூரியன் தெற்கே போகப் போக, எங்கள் சுவரில் வெளிச்சம் வடக்கே நகர்கிறது. அவ்வளவுதான். சூரியன் திரும்பும் நாளில் கப்பலும் திரும்பியாக வேண்டும். நான் அய்யாவின் லாட ஆணி ஒன்றை எடுத்து, வெயில் அடிக்கிற நாளிலெல்லாம் பெரிய கப்பலின் மூக்கு எதுவரை வருகிறதோ அங்கே சுவரைக் கீறி வைத்தேன்.

"தை ஒண்ணுக்குத்தான்டி சூரியன் திரும்பும்" என்றார் அய்யா. "ஊரு ஒலகத்துக்கே தெரியும்."

"இல்லய்யா, மார்கழி பொறந்து ஒரு வாரத்துல திரும்பிரும். பொஸ்தகத்துல போட்டிருக்கு."

"பஞ்சாங்கம் பெருசா, ஒம் பூகோளம் பெருசா?"

அது வாய்ச் சண்டை இல்லை. தை வரை கப்பல் நகர்ந்தால் அது கட்டிலின் மேல் ஏறிவிடும். மார்கழியில் நின்றால் ஒரு சாண் தள்ளி நின்றுவிடும். என் கீறல்கள் என் பக்கம் பேசின. முதலில் இரண்டு விரல் இடைவெளியில் இருந்தவை, ஒரு விரலாகி, ஒரு நெல்லாகி நெருங்கிக்கொண்டு வந்தன. ஆனால் கீறலைக் காட்டி அத்தையை எழுப்ப முடியுமா?

ஒரு சனிக்கிழமை அய்யாவோடு பஞ்சு வண்டியில் ராஜபாளையம் போனேன். துரையின் பங்களாவில் பட்லராக இருந்த சந்தியாகு அண்ணாச்சி, பங்களாவுக்குப் பின்னால் இருந்த வீட்டிலேயே இன்னும் குடியிருந்தார். அவர் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அதே கப்பல் மாட்டியிருந்தது. அதே சாய்வு, அதே ஆட்கள். ஆனால் காகிதத்தில். பாய் வெள்ளை வெளேரென்று காற்றைக் குடித்து நின்றது. சுக்கான் பிடித்தவர் வெள்ளைக்காரர். தலையில் கறுப்புத் தொப்பி.

"தொரையோட அய்யா புடிச்ச படம் தாயி" என்றார் அண்ணாச்சி. "இன்னொரு படகுல நின்னுக்கிட்டு, இம்புட்டுப் பெரிய பெட்டிய வச்சு, இவரும் ஆட அதுவும் ஆட, எப்படித்தான் புடிச்சாரோ! ஞாயித்துக்கெழம தொரை குளிக்கிற ரூம அடைச்சு, செவப்பு வெளக்கப் போட்டு, அந்தக் கண்ணாடிக்கு அடியில வெறுங்காயிதத்த வச்சு எடுத்து, மருந்துத் தண்ணியில முக்குவாரு. மொதல்ல தொப்பி வரும். ஆளே இருக்காது, தொப்பி மட்டும் நிக்கும். பொறவு மெள்ள மெள்ள மூஞ்சி வரும். மொத நாளு நான் சிலுவ போட்டுக்கிட்டு வெளிய ஓடிட்டேன்."

"இது எந்த ஊருக்குப் போற கப்பல், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஊருக்கா? எந்த ஊருக்கும் போகாது. பந்தயப் படகு. கரையில கெளம்பும், நடுக்கடல்ல அடையாளத்துக்கு ஒரு மெதவ கெடக்கும், அதச் சுத்திட்டுக் கெளம்புன எடத்துக்கே வந்துரும்."

அய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "பாரமே ஏத்தாதா?"

"ஒரு மூட்ட உப்பு ஏத்த மாட்டான். புதுசா ஒரு ஆள ஏத்த மாட்டான்."

"பாரம் ஏத்தாத வண்டிய எந்தக் கிறுக்கன் ஓட்டுவான்?" என்று அய்யா வாசலில் நின்ற வண்டி மாட்டைப் பார்த்துக் கேட்டார்.

நான் இன்னொரு கேள்வியும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். இந்தப் படத்தில் இருப்பவர்கள் இப்போது எங்கே என்றேன். சந்தியாகு அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரும் இல்ல தாயி. மொதச் சண்டையிலயே எல்லாம் போயிட்டாக. சுக்கான் புடிச்சு நிக்காருல்லா, தொரைக்கு மூத்தவரு. கப்பலோட போனாரு. வரல."

திரும்பி வரும் வழியில் எங்களுக்குப் பின்னால் மலை கறுத்துக்கொண்டு வந்தது. வீடு வந்ததும் நான் அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து, கேட்டதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மறுபாதியை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

"அத்த, அது ஆளேத்துற கப்பல் இல்ல. பந்தயக் கப்பல். மெதவையச் சுத்திட்டுத் திரும்பிப் போயிரும். மார்கழி பொறந்து ஒரு வாரம், பாத்துக்கிட்டே இரு."

அத்தை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "என்னைய ஏத்தாமப் போயிருவாரா?"

"போயிரும். போச்சுன்னா நீ கஞ்சி குடிக்கணும்."

"போகலைன்னா?"

"போகலைன்னா நான் பள்ளிக்கூடத்துக்குப் போகல" என்றேன். அதைவிடப் பெரிய பந்தயப் பொருள் என்னிடம் அப்போது எதுவும் இல்லை. இப்போதும் இல்லை.

மார்கழி பிறந்தது. விடியலில் ஆண்டாள் கோயில் பக்கமிருந்து பாட்டு வரும். பனி விலகியதும் கப்பல் வரும். அத்தைக்கு அதற்குள் எழுந்து உட்காரவும் வலு இல்லை. கழுத்தெலும்புகள் மேலே எழும்பியிருந்தன. கப்பல் மூக்கு கட்டிலுக்கு ஒரு சாண் தொலைவில் வந்து நின்றது. அடுத்த நாளும் அதே கீறல். அதற்கு அடுத்த நாளும் அதே கீறல். முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. நங்கூரம் போட்டது போல நின்று, அந்தக் கலங்கிய கறுப்பு மனிதர் எங்களையே பார்த்திருந்தார். அய்யா வாசற்படியில் நின்று பார்ப்பார், உள்ளே வரமாட்டார்.

பிறகு ஒரு காலை, நிழல் கீறலைத் தொடவில்லை. ஒரு நெல் அளவு குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். கப்பல் திரும்பிவிட்டது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மூக்கு எங்கள் பக்கமே இருக்க, சந்நிதியில் முதுகு காட்டாமல் பின்னடி வைத்து விலகுகிறவரைப் போல, அது அத்தையைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போனது. நான் குதித்திருக்க வேண்டும். கையிலிருந்த ஆணியைக் கீழே வைக்கக்கூட முடியாமல் நின்றேன். அத்தை கண்களிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. "சரி, போங்க" என்றாள், சுவரைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, "கஞ்சியக் கொண்டாட்டி" என்றாள்.

அதன் பிறகு நான் மேலே படித்தேன். வெளியூர் விடுதியில் தங்கி ஆசிரியைப் பயிற்சி முடித்து, இப்போது கான்சாபுரத்தில் ஒரு பள்ளியில் பூகோளமும் சொல்லிக் கொடுக்கிறேன். அத்தை பிழைத்து எழுந்து, பஞ்சு பொறுக்கும் வேலைக்குப் போகிறாள். வீட்டில் எல்லோரையும்விடத் திடமாக இருக்கிறாள். மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மில்லும் வளர்ந்துவிட்டது. சந்தியாகு அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார்; அந்தக் காகிதப் படம் யாரிடம் போனதென்று தெரியவில்லை.

இந்த மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். வருஷா வருஷம் அடித்த மழையில் கண்ணாடிப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து, முதலில் கடல் போய், பாய் போய், போன வருஷம் சுக்கான் பிடித்தவர் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மிச்சமிருந்தார். இப்போது அவரும் இல்லை. சன்னல் முழுதும் சுத்தமான வெறுங்கண்ணாடி. சுவருக்கு வெள்ளையடித்திருந்தாலும் என் ஆணிக் கீறல்கள் தடவினால் தெரிகின்றன. தடவிக்கொண்டே வடக்கே போனேன். கடைசிக் கீறலுக்கு வருவதற்கு முன்பே என் முழங்கால் கட்டிலில் இடித்தது.

கட்டில் வடக்கு மூலையில் இல்லை. ஒரு முழத்துக்கும் மேல் தெற்கே, கீறல்களைத் தாண்டிக் கிடந்தது. கால்கள் இழுபட்ட தடங்கள், தரையில் ஒன்றன் பின் ஒன்றாக.

அத்தை வாசலில் நின்றிருந்தாள். "ஒங் கணக்குல தப்பில்லட்டி" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல. "அவரு அதுக்கு மேல வரமாட்டாரு. அதான் நான் வருஷத்துக்குக் கொஞ்சமாத் தள்ளிப் போட்டேன். அவரு நின்ன எடத்துக்கு நான் வந்து சேருததுக்குள்ள கப்பல் அழிஞ்சுபோச்சு."

மறுநாள் காலை வெயில் வந்தது. கப்பலில்லாத வெளிச்சம் சுவரில் இறங்கி, என் கீறல்கள் மேல் நகர்ந்து, கட்டிலின் மேல் ஏறியது. அத்தை அந்த வெளிச்சத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் கஞ்சிச் செம்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டவள், குடிப்பதற்கு முன், ஒரு பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. அந்த இடத்தில் நான் உட்காரவில்லை.